இருபத்திரண்டு பேரையும் காட்டும் கேமராவுக்குக் கட்டிய சந்தா

2024 செப்டம்பர் தொடங்கி 2025 பிப்ரவரி வரை, ஒரு பருவம் முழுவதும், அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களை இணையத்தில் காட்டும் சேவை ஒன்றுக்குச் சந்தா கட்டிப் பார்த்தேன். அதைப் பற்றிய மதிப்புரை இது. குறைகள் சிலவற்றையும் சொல்ல வேண்டியிருப்பதால் சேவையின் பெயரைக் குறிப்பிடவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரலை பார்ப்பதற்காக மட்டும் வாங்குவதென்றால், குமரி மாவட்டத்தில் இருக்கும் ஒருவருக்கு இது கட்டுப்படியாகாது. ஆனால் களத்தில் நிற்கும் இருபத்திரண்டு பேரையும் ஒரே படத்துக்குள் வைத்துக் காட்டும் தனிக் கோணம் ஒன்று இந்தச் சந்தாவில் அடங்கியிருக்கிறது, அதற்காகவே வாங்கலாம். பந்தை வாங்கி எறியும் குவார்ட்டர்பேக்குகளில் பெரியவர் எவர், கோப்பையை வென்று தருவது யார் என்று எங்கள் குடும்பத்தில் நான்கு ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கில் எனக்குச் சாட்சி சொன்னது அந்தக் கோணம்தான்.

வழக்கு இதுதான். நான் அருமனைப் பக்கம் கொஞ்சம் ரப்பர் மரமும் ஓய்வூதியமுமாகக் காலம் தள்ளும் முன்னாள் பள்ளி ஆசிரியன். என் அக்காள் மகன் முதலில் பாஸ்டனில் படித்தான். பிறகு வேலைக்காகப் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தான். பாஸ்டனில் இருந்த காலத்தில், அந்த ஊர்ப்பக்கத்து நியூ இங்கிலாந்து அணியின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி அவனுக்குக் குலதெய்வம் ஆகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவிடம் பேசி முடித்த கையோடு என்னை அழைப்பான்; எதைப் பேசினாலும் கடைசியில் "மாமா, ஏழு மோதிரம். அதுக்கு மேல என்ன பேச இருக்கு?" என்று முடிப்பான். சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தில் வென்ற அணியினருக்கு மோதிரம் கொடுப்பது அங்கே வழக்கம். பிரேடியிடம் ஏழு இருக்கின்றன. எந்த ஓர் அணியும் மொத்தமாகவே ஆறு கோப்பைக்கு மேல் வென்றதில்லை என்பதையும் அவன் சேர்த்துச் சொல்லுவான். தகவல் சரிதான். அதிலிருந்து அவன் இழுக்கும் முடிவில்தான் எனக்குச் சம்மதமில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். ஒவ்வொரு பக்கமும் பதினொரு பேர். தாக்கும் அணிக்குப் பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு வாய்ப்பிலும் நடுவில் குனிந்து நிற்பவர் தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் அனுப்ப, அதை வாங்குகிறவர் குவார்ட்டர்பேக். எறிவதா, பக்கத்தில் ஓடுகிறவர் கையில் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று முடிவுசெய்ய அவருக்கு ஏறக்குறைய மூன்று வினாடிகள் உண்டு. அந்த மூன்று வினாடிகளை அவருக்குச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள் முன்னால் மதிலாக நிற்கும் ஐந்து பருமனான மனிதர்கள். இந்த ஐவரின் பெயர் அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது.

எனக்குக் கூட்டாளி ஒருவர் உண்டு. தூத்தூரில் பிறந்து, எங்கள் ஊரில் பெண்ணெடுத்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆழ்கடல் விசைப்படகில் சுறாத் தொழிலுக்குப் போய்வந்தவர். முழங்கால் தேய்ந்தபின் கரையேறிவிட்டார். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து மனிதர்களுக்குக் கால்பந்து ரத்தத்தில் ஓடுவது. ஆனால் அவர்கள் கால்பந்து என்பது காலால் ஆடுவது. கையால் எறியும் இந்த ஆட்டத்தை முதலில் கேலிசெய்தவர், இரண்டாம் வாரத்திலேயே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மோதிர வாதத்தை நான் விளக்கியபோது அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "சாரே, படகு நிறைய மீனோட வந்தா ஸ்ராங்குக்குப் பேரு. வெறும் படகா வந்தாலும் ஸ்ராங்குக்குத்தான் பேரு. தூண்டில் கயிறு இழுத்தவனுக்கு ரெண்டிலயும் பேரு கிடையாது." ஸ்ராங்கு என்றால் படகை நடத்தும் தலைவர்.

இனி சேவைக்கு வருகிறேன். முதல் சிக்கல் நேரம். அதற்குச் சேவையைக் குறை சொல்ல முடியாது, பூமி உருண்டை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டங்கள் நமக்கு இரவு 10.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தபின் 11.30. அடுத்த கட்டு ஆட்டங்கள் நள்ளிரவைத் தாண்டியபின் தொடங்கும். ஞாயிறு இரவு ஆட்டம் நமக்குத் திங்கள் விடியலில் 5.50 மணிக்கு, நவம்பருக்குப் பின் 6.50 மணிக்கு. நாகர்கோவிலில் அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்கு இது தலைவேதனை. எங்கள் பக்கத்தில் அப்படியில்லை. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மூன்றரை, நான்கு மணிக்கே தோட்டத்துக்குள் நுழைந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் சாயாக்கடையும் திறந்திருக்கும். நடுச்சாம ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியை முடித்துவிட்டு, கட்டன் சாயா ஒன்று குடித்துவிட்டு, சிரட்டையில் விழும் பாலைப் பார்க்கப் போன நாள்கள் செப்டம்பரில் எனக்கு வாய்த்தன. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டபோது பால்வெட்டும் நின்றது, இணையமும் நின்றது.

நேரலையின் தரம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படம் தெளிவு. வர்ணனை ஆங்கிலத்தில் மட்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓர் ஆட்டத்தில் பந்து உண்மையில் ஓட்டத்தில் இருக்கும் நேரம் கால்மணிக்கும் குறைவு. மற்றதெல்லாம் ஆலோசனை, நடுவர் கூட்டம், நிறுத்தம். ஆகவே நேரலையைவிட, இடைவெளிகளை வெட்டி நாற்பது நிமிடத்துக்குச் சுருக்கிய பதிப்பு எங்களுக்கு வாகாக இருந்தது. காலையில் புட்டும் பயறும் முடிவதற்குள் ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிடலாம்.

இப்போது அந்தக் கோணம். ஆட்டம் முடிந்து ஓரிரு நாள் கழித்து, பயிற்சியாளர்கள் பார்ப்பதற்காக எடுக்கப்படும் பதிவு சேவையில் ஏறும். களத்தின் ஓரத்தில் மிக உயரத்திலிருந்து ஒரு கேமரா, கோல் எல்லைக்குப் பின்னாலிருந்து இன்னொன்று. வர்ணனை இல்லை, கூட்டத்தின் கூச்சல் இல்லை, யாருடைய முகமும் அருகில் வராது. முதல் நாள் இதைத் திறந்தபோது டிவியின் ஒலி கெட்டுவிட்டதோ என்று எண்ணி ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு சிறு உருவங்கள் சத்தமில்லாமல் ஓடுகின்றன, அவ்வளவுதான்.

இதைச் சில வாரங்கள் பார்த்தபின் வழக்கமான ஒளிபரப்பை நம்ப மனம் வரவில்லை. ஒளிபரப்புக் கேமரா பந்தைத் தொடர்கிறது. பந்து முதலில் போய்ச் சேர்வது குவார்ட்டர்பேக்கின் கையில். ஆகவே ஒவ்வொரு ஆட்டத் துண்டும் அவர் முகத்தில் தொடங்குகிறது. எறிந்த பந்து பிடிபட்டால் அவர் கைதட்டுவதைக் காட்டுகிறார்கள், தவறினால் தலையைத் தொங்கப்போடுவதைக் காட்டுகிறார்கள். இருபது ஆண்டுகள் இப்படிப் பார்த்தவன் வெற்றியும் தோல்வியும் அந்த ஒரு மனிதனின் சொத்து என்று நம்புவதில் வியப்பில்லை. என் மருமகனை நான் குறை சொல்லவில்லை. அவன் கண்ணுக்குக் காட்டப்பட்டதை அவன் நம்புகிறான்.

நான் அவனிடம் முதலில் எடுத்துவைத்தது 2021 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல். பிரேடிக்கு ஏழாவது மோதிரம் கிடைத்த ஆட்டம். டாம்பா பே 31, கான்சாஸ் சிட்டி 9. நாற்பத்து மூன்று வயதில், புதிய அணிக்குப் போன முதல் ஆண்டிலேயே, இளைய வாரிசான பேட்ரிக் மஹோம்ஸை வீழ்த்தினார் என்றுதான் வரலாறு சொல்லும். ஆனால் இருவரும் தாக்கும் பக்கத்தவர்கள் என்பதால் ஒரே நேரத்தில் களத்தில் நின்றதே கிடையாது. மஹோம்ஸை எதிர்த்து நின்றவர்கள் டாம்பாவின் தடுப்பு அணியினர். கான்சாஸ் சிட்டியின் மதிலில் இரு ஓரங்களிலும் நிற்க வேண்டிய வழக்கமான ஆட்டக்காரர்கள் எரிக் ஃபிஷரும் மிட்செல் ஷ்வார்ட்ஸும் காயத்தால் அன்று ஆடவில்லை. உயரக் கோணத்தில் பார்த்தால் கதை முழுவதும் ஒரே படத்தில் தெரிகிறது: பந்து கைக்கு வந்த மாத்திரத்தில் இரு ஓரமும் உடைந்து உள்ளே சரிகிறது, மஹோம்ஸ் பின்னாலும் பக்கவாட்டிலும் ஓடிக்கொண்டே இருக்கிறார், தூரத்தில் அவருடைய ஆட்கள் ஆளுக்கிரண்டு காவலோடு நிற்கிறார்கள். ஒருமுறை தரையோடு தரையாகக் கிடைமட்டத்தில் பறந்தபடி அவர் எறிந்த பந்து தன் ஆளின் முகக்கவசத்தில் பட்டு விழுந்தது. ஒரு டச் டவுன் கூட இல்லாமல், அதாவது பந்தை ஒருமுறைகூட எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுசேர்க்காமல், அவர் தோற்றார். அன்று அவர் மோசமாக ஆடினார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட்டாளி அந்தத் துண்டை மூன்று முறை ஓட்டச் சொன்னார்.

இதைவிட வலுவான சாட்சி பெய்ட்டன் மேனிங். 2013 பருவத்தில் டென்வர் அணிக்காக அவர் 55 டச் டவுன் எறிந்தார், 5,477 கெஜம் சேர்த்தார், இரண்டுமே சாதனை. அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் முதல் பந்தே அவர் தலைக்கு மேல் பறந்துபோய், 12 வினாடியில் எதிரணிக்குப் புள்ளி விழுந்தது. சியாட்டில் 43, டென்வர் 8. இரண்டு ஆண்டு கழித்து, 2015 பருவத்தில், அதே மேனிங் வெறும் 9 டச் டவுன் எறிந்து, 17 முறை பந்தை எதிராளி கையில் கொடுத்து, நடுவில் தன் இடத்தையே மாற்று ஆட்டக்காரரிடம் இழந்து திரும்பி வந்தார். அந்த ஆண்டு கோப்பை அவருக்குக் கிடைத்தது. 24–10 என்று முடிந்த இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் தடுப்பு அணியின் வான் மில்லர். வாழ்க்கையிலேயே சிறந்த ஆண்டில் கோப்பை இல்லை, மோசமான ஆண்டில் கோப்பை உண்டு. மோதிரத்தை வைத்து ஆளை அளந்தால் 2015-இன் மேனிங் 2013-இன் மேனிங்கைவிடப் பெரியவர் ஆகிவிடுவார். இதற்கு மருமகன் இன்றுவரை நேராகப் பதில் சொன்னதில்லை. "அது விதிவிலக்கு மாமா" என்பான்.

விதிவிலக்குகள் பெருகிக்கொண்டே போனால் அவற்றுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். 2000 பருவத்தில் பால்டிமோர் அணியின் தடுப்பு 16 ஆட்டங்களில் 165 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்துக் கோப்பையை வென்றது. குவார்ட்டர்பேக் டிரெண்ட் டில்ஃபரை வெற்றிக்குப் பின் அந்த அணியே வைத்துக்கொள்ளவில்லை. 1984-இல் 48 டச் டவுன், 5,084 கெஜம் என்று அதுவரை யாரும் எட்டாத உயரத்தைத் தொட்ட மயாமியின் டான் மரினோ, இறுதி ஆட்டத்தில் ஜோ மொன்டானாவின் அணியிடம் 38–16 என்று தோற்றார். 17 பருவம் ஆடியும் அந்த மேடைக்கு அவர் திரும்பவே இல்லை. எறிதிறனில் மரினோவைக் குறைவென்று சொல்லும் ஆள் கிடைப்பது அரிது. ஆனாலும் பட்டியல் போடும்போது மோதிரமில்லாத விரலைத்தான் முதலில் காட்டுகிறார்கள்.

மொன்டானாவைப் பற்றி ஒரு சொல்: நான்கு இறுதி ஆட்டம், நான்கிலும் வெற்றி, நான்கிலும் ஒரு பந்தைக்கூட எதிராளி கையில் எறியவில்லை. எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தவர் அவர்தான். ஆனால் இந்தச் சேவையில் அவர் காலத்து ஆட்டங்கள் முழுமையாகக் கிடையாது. வெட்டியொட்டிய தொகுப்புகள் மட்டும்தான். உயரக் கோணமோ சில பருவங்களுக்கு முந்தைய எதற்கும் இல்லை. பழைய ஆட்டங்களை அலசலாம் என்ற ஆசையில் வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

பிரேடியின் மோதிரங்களுக்கே வருவோம். முதலாவது 2002 பிப்ரவரியில் கிடைத்தது. அன்று அவர் எறிந்து சேர்த்தது 145 கெஜம்தான். கடைசி நொடியில் 48 கெஜத் தொலைவிலிருந்து ஆடம் வினட்டியேரி உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போய் 20–17 என்று ஆட்டம் முடிந்தது. அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன், 1991 ஜனவரியில், பஃபலோ அணிக்காக ஸ்காட் நார்வுட் 47 கெஜத்திலிருந்து உதைத்த பந்து வலப்பக்கம் விலகிப்போய் 20–19 என்று தோல்வி. அந்தப் பஃபலோவின் குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி தொடர்ந்து நான்கு ஆண்டு இறுதி ஆட்டத்துக்கு வந்து நான்கிலும் தோற்றவர், மோதிரமே இல்லை. இரண்டு ஆட்டங்களிலும் பந்து உதைபட்டபோது குவார்ட்டர்பேக் எல்லைக்கோட்டுக்கு வெளியே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பிரேடியின் முதல் மூன்று கோப்பைகளுமே மும்மூன்று புள்ளி வித்தியாசத்தில் வந்தவை. நான்காவது, 2015 பிப்ரவரியில், சியாட்டில் அணி ஒரு கெஜ தூரத்தில் வெற்றியை வைத்துக்கொண்டு எறிந்த பந்தை, அணிகள் புதியவர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நாளில் யாரும் எடுக்காத மால்கம் பட்லர் என்ற புதுமுகம் பாய்ந்து பறித்ததால் வந்தது. ஆறாவது 13–3, சூப்பர் பவுல் வரலாற்றிலேயே மிகக் குறைந்த புள்ளிகள் விழுந்த ஆட்டம் அது. அதே பிரேடி 2018 பிப்ரவரியில் 505 கெஜம் எறிந்து, இறுதி ஆட்டத்தில் எவரும் செய்யாததைச் செய்து, 41–33 என்று தோற்றார். எதிரில் ஆடி வென்றவர் காயமடைந்தவருக்குப் பதிலாக இறங்கிய நிக் ஃபோல்ஸ்.

இவ்வளவு சொன்னதும் மருமகன் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு நான் திணறினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். முதலாவது, 2017 பிப்ரவரியில் அட்லாண்டாவிடம் 28–3 என்று பின்தங்கியிருந்த அணியை 34–28 என்று மீட்டது யார்? நான் அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அட்லாண்டாவின் தடுப்பு ஆட்டக்காரர்கள் களைத்துப்போனது தெரிகிறது. அவர்களுடைய தாக்குதல் அணி கடிகாரத்தை ஓட்டாமல் எறியப்போய்க் கெடுத்துக்கொண்டதும் தெரிகிறது. ஆனாலும் அந்த இருபது சொச்ச நிமிடங்களில் பிரேடியின் கால்வைப்பில் ஒரு பதற்றமும் இல்லை. வேறொருவர் அங்கே நின்றிருந்தால் அது நடந்திருக்காது. இரண்டாவது, 2020-இல் அவர் விலகியதும் நியூ இங்கிலாந்து 7 வெற்றி, 9 தோல்வி என்று சரிந்தது, முந்தைய ஆண்டு அதே 7–9 ஆக இருந்த டாம்பா கோப்பையை வென்றது; இதற்கு என்ன சொல்கிறாய் மாமா? 2008-இல் முதல் ஆட்டத்திலேயே பிரேடி முழங்காலில் அடிபட்டு வெளியேற, மாட் காஸல் என்ற மாற்று ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு அதே நியூ இங்கிலாந்து 11–5 எடுத்தது என்று பதில் சொன்னேன். சொன்னேனே தவிர, முந்தைய ஆண்டு அவரோடு 16–0 எடுத்த அணி அது, அவரில்லாத ஆண்டில் பருவ முடிவின் வெளியேற்றுச் சுற்றுகளுக்கே போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே என் கட்சி "குவார்ட்டர்பேக் பெரிதில்லை" என்பதன்று. அவர் இல்லாமல் முடியாது. அவரால் மட்டும் முடியாது. அதைவிட முக்கியமாக, அவருக்குக் கொடுக்கும் சம்பளம் மற்றவர்களிடமிருந்து எடுக்கப்படுகிறது. 1994 முதல் ஒவ்வோர் அணியும் ஆட்டக்காரர்களுக்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2024 பருவத்தில் அது 25 கோடியே 54 லட்சம் டாலர். அதற்குள்தான் எல்லோருக்கும் பங்கு. பனிக்கட்டிக்கும் டீசலுக்கும் ஆட்கூலிக்கும் ஒரே பணப்பை என்று நான் சொன்னதும் கூட்டாளிக்கு உடனே புரிந்துவிட்டது. 43–8 என்று மேனிங்கை நசுக்கிய சியாட்டிலின் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் அந்த ஆண்டு வாங்கியது பத்து லட்சம் டாலருக்கும் குறைவு. மிச்சத்தில் அவர்கள் ஒரு தடுப்பு மதிலை விலைக்கு வாங்கியிருந்தார்கள். பிரேடி பல ஆண்டுகள் சந்தை விலையைவிடக் குறைவாக வாங்க ஒத்துக்கொண்டதும் அணியைக் கட்டுவதற்கு உதவியது. அவருடைய எறிதலைவிட இந்தக் கையெழுத்துகளைப் பாராட்ட நான் தயார். 2022-இல் கான்சாஸ் சிட்டி தன் மிக வேகமான ஆட்டக்காரரான டைரீக் ஹில்லை மயாமிக்கு விற்றபோது மஹோம்ஸின் கதை முடிந்தது என்றார்கள். இளம் தடுப்பு அணி ஒன்றைக் கட்டிக்கொண்டு 2023, 2024 பிப்ரவரிகளில் அடுத்தடுத்துக் கோப்பையை எடுத்தார்கள்.

நான் சந்தா கட்டிய பருவத்தின் அணி பிலடெல்பியா. மருமகன் ஊர் அணி என்பதால் அதையே அதிகம் பார்த்தோம். ஜேலன் ஹர்ட்ஸ் குவார்ட்டர்பேக். பந்தை வாங்கி ஓடும் சேக்வான் பார்க்லி அந்தப் பருவத்தில் 2,005 கெஜம் ஓடினார். ஆனால் எங்கள் வீட்டில் கைதட்டல் வாங்கியவர் ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர்; 2018-இல் ஏழாம் சுற்றில் எடுக்கப்படும்வரை அமெரிக்கக் கால்பந்தை ஒரு நாளும் ஆடியதில்லை; உயரம் ஆறடி எட்டங்குலம். கோல் எல்லைக்குப் பின்னாலிருந்து எடுத்த கோணத்தில் அவரைப் பார்க்க வேண்டும். பந்து நகர்ந்ததும் முதலில் இடக்கால் பின்னால் அரையடி போகிறது, முதுகு நிமிர்ந்தே இருக்கிறது, எதிராளி மோதும் கணத்தில் இரண்டு உள்ளங்கைகளும் அவன் நெஞ்சில் பதிகின்றன. பிறகு அவன் எங்கே போக நினைத்தாலும் கதவு சாத்தியிருக்கிறது. ஒரு கெஜம் மட்டும் வேண்டும் என்றால் இந்த அணி ஒரு வித்தை செய்யும்: ஹர்ட்ஸ் பந்தோடு மதிலுக்குள் தலையைக் கொடுக்க, பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் அவரைத் தள்ளுவார்கள். முதல் முறை அதைப் பார்த்ததும் கூட்டாளி எழுந்து நின்றுவிட்டார். "இது நாங்க வள்ளம் தள்ளுறதுல்லா!" அலை பின்வாங்கும் நேரம் பார்த்து, ஏலேலோ போட்டு, எல்லோரும் ஒரே மூச்சில் தோள் கொடுப்பது, ஒருவன் அரை நொடி பிந்தினாலும் வள்ளம் மணலில் அமர்ந்துவிடும் என்று அவர் விளக்கினார். எந்த வர்ணனையாளரும் அதை எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்டத்தைத் தேடிப்போனால் முகப்பிலேயே முடிவு எழுதியிருக்கும். முடிவை மறைக்கும் வசதி இருந்தும் படத்துண்டுகளின் தலைப்பு காட்டிக்கொடுத்துவிடும். உயரக் கோணப் பதிவு தொலைக்காட்சிச் செயலியில் கண்ணுக்கு எளிதில் அகப்படாத இடத்தில் கிடக்கிறது, கணினியில்தான் வசதி. சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்; நிறுத்துவதற்கு நான்கு பக்கம் கடக்க வேண்டும். கட்டணம் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் வாங்கும் பாலின் விலைக்குச் சற்றுக் குறைவு. ஆறு மாதத்தில் இருவர் பார்த்ததைக் கணக்கிட்டால் அதில் எனக்குப் புகாரில்லை.

என் பெரிய புகார் எங்கள் பகுதியில் இணைய இணைப்பு கொடுக்கும் கேபிள்காரர் மேல். 2025 பிப்ரவரி 10, திங்கள், காலை ஐந்து மணி; நியூ ஆர்லியன்ஸில் அது ஞாயிறு மாலை. பிலடெல்பியாவும் கான்சாஸ் சிட்டியும். மஹோம்ஸ் வென்றால் தொடர்ந்து மூன்றாவது கோப்பை. அதுவரை எந்த அணியும் செய்யாதது. ரப்பர் இலையுதிர்ந்து தளிர்விடும் காலம், பால்வெட்டு இல்லை. பழக்கத்தால் விழித்துவிட்ட இரண்டு வெட்டுத் தொழிலாளிகளும் எங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் கால்பகுதி, 10–0. மஹோம்ஸ் பந்தை எறியக் கையை ஓங்கினார். படம் அப்படியே நின்றது. திரையில் சுழலும் வட்டம். நான் மோடத்தை அணைத்துப் போட்டேன், கூட்டாளி வெளியே போய்க் கம்பத்தைப் பார்த்தார், கேபிள்காரரின் தொலைபேசி எடுக்கப்படவில்லை. ஏறத்தாழ ஐந்து நிமிடம், ஓங்கிய கையோடு மஹோம்ஸ் எங்கள் சுவரில் நின்றார். படம் திரும்பியபோது 17–0.

தன் இருபத்திரண்டாவது பிறந்தநாளில் கூப்பர் டிஜீன் என்ற புதுமுகம் அந்தப் பந்தைப் பறித்து 38 கெஜம் ஓடி டச் டவுன் எடுத்திருந்தார். இடைவேளையில் 24–0, முடிவில் 40–22. மஹோம்ஸ் ஆறு முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். புதன்கிழமை உயரக் கோணப் பதிவு வந்ததும் அந்தத் துண்டை மீண்டும் திறந்தோம். அன்று எங்கள் சுவரில் உறைந்திருந்தது அந்த ஒரு கை மட்டும்; இப்போது எல்லோரும் தெரிந்தார்கள். நெருக்குவதற்குப் பிலடெல்பியா அனுப்பியது நான்கே பேரை. அந்த ஆட்டம் முழுவதும் அவர்கள் அதற்கு மேல் ஆள் சேர்க்கவே இல்லை. நான்கு பேரே மதிலை உடைத்ததால் மீதி ஏழு பேரும் பின்னால் அவசரமில்லாமல் காத்திருந்தார்கள். டிஜீன் அந்த எழுவரில் ஒருவர்.

அன்று இரவு மருமகனை அழைத்து இதையெல்லாம் விரிவாகச் சொன்னேன். நான்கு பேர், ஏழு பேர், மதில், மைலாட்டா, தொடர்ந்து மூன்று கோப்பை என்ற கனவு எப்படி முன்வரிசையில் உடைந்தது என்பதெல்லாம். வெற்றி ஊர்வலத்துக்கு விடுப்பு எடுத்திருந்தான், தொண்டை கட்டியிருந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி மாமா, சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குக் கொடுத்தாங்க?" என்றான்.

ஹர்ட்ஸுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். செப்டம்பரில் சந்தாவைப் புதுப்பிப்பேன். அதற்கு முன் கேபிள்காரரை மாற்ற வேண்டும்.